அடியில் காற்று வரும் கூடாரம்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆள் உயரத்துக்கு நான்கு தூண்கள் நிற்கின்றன. தலையில் துருப்பிடித்த கம்பிகள். என்றைக்காவது மேலே ஒரு மாடி எழுப்பிவிடலாம் என்ற நம்பிக்கையில் நைனா, அதாவது என் அப்பா, விட்டுவைத்தவை. எங்கள் ஊரான நூம்பலில் பாதி வீடுகள் இப்படித்தான் தலைவாரிக்கொள்ளாமல் நிற்கும். நான்கில் ஒரு தூணைத் தண்ணீர் டேங்க் அடைத்துக்கொண்டது. மீதி மூன்று. நான் வடிவமைத்த கூடாரம் மூன்று முனைகளில் தொங்குவதற்குப் பின்னால் பெரிய கணக்கு ஏதோ இருப்பதாக, அதை வாங்க வந்த ஹேமநாதன் சார் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். நானும் மறுக்கவில்லை. நான்காவது தூண் கிடைத்திருந்தால் நான்கு முனை வைத்திருப்பேன், அவ்வளவுதான்.

என் பெயர் கவிப்பிரியா. அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் அளவு வெட்டும் பிரிவில் இருந்தேன். கம்ப்யூட்டரில் உறையைத் துண்டு துண்டாக வரைந்து, எந்தத் துண்டு எங்கே எவ்வளவு இழுபடும் என்று பார்ப்பதுதான் வேலை. நல்ல வேலை. மேனேஜர் மட்டும் நல்லவர் இல்லை.

கம்பெனித் தோழிகளோடு நாகலாபுரம் மலைக்கு ஒருமுறை போனேன். முதுகில் மூட்டை, கையில் குச்சி, வாழ்க்கையில் முதல் மலை. அன்று மழை பிடித்துக்கொண்டது. வாடகைக்கு எடுத்துப்போன கூடாரத்துக்குள் தண்ணீர் புகுந்து, விடிய விடியக் குட்டைக்குள் உட்கார்ந்திருந்தோம். மற்றவர்கள் மழையைத் திட்டினார்கள். எனக்குத் தரைமேல்தான் கோபம். மழைக்காலத்தில் தெருவே ஏரியோடு சேர்ந்துகொள்ளும் ஊரில் வளர்ந்தவள் நான். தரையை நம்பி ஒருவன் கூடாரம் செய்திருக்கிறான் என்றால் அவன் நூம்பல் பக்கம் வந்ததே இல்லை என்று அர்த்தம். கூடாரத்தைத் தரையில் ஏன் வைக்க வேண்டும்? மூன்று மரத்தில் கட்டித் தொங்கவிட்டால் என்ன?

இதைச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்தேன். மேனேஜர் பின்னால் வந்து நின்று, "சீட் கவர் போட வந்துட்டு சர்க்கஸ் கொட்டாய் போடுறியாம்மா?" என்று எல்லோரும் கேட்கச் சிரித்தார். மறுநாள் ராஜினாமா கொடுத்தேன். கோபத்தில் கொடுத்ததுதான். ஆனால் கோபம் தணிந்த பிறகும் திரும்ப வாங்கத் தோன்றவில்லை.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை என்று சொன்னால் போதாது. கன்னியம்மா என்கிற என் அம்மா, வேலப்பன்சாவடியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாள். மதிய ஷிப்ட். அவளுடைய அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். அம்மா யூனிபார்ம் போட்டாள். நான் கழுத்தில் ஐடி கார்டு மாட்டினேன். அந்தக் கார்டு அவளுக்குத் தாலிக்கு அடுத்த மரியாதை. நான் கம்பெனிக்குப் போன காலத்தில் அதன் நாடாவை அவளே துவைத்துப் போடுவாள்.

வேலையை விட்ட பிறகு தெருவில் யாராவது, "பொண்ணு இன்னா பண்ணுது?" என்று கேட்டால் அம்மா தயங்காமல் பதில் சொல்வாள்.

"சும்மாதான் கீறா."

நான் மாடியில் பழைய தையல் மெஷினை மிதித்து மிதித்துக் கால் வீங்கி நிற்கும்போது கீழே அந்தப் பதில் கேட்கும். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். கத்தரிக்கோலை வைத்துவிட்டு இறங்கிப் போய்ச் சண்டை போட்டிருக்கிறேன். "சும்மாவா கீறேன்? இதோ பாரு விரலு!" என்று ஊசி குத்திய விரலை நீட்டினால், "அத்த வெச்சிகினு இன்னா பண்றது, மாசம் பொறந்தா எவன் குடுக்குறான்?" என்பாள். அதோடு சண்டை முடியும்.

கூடாரத்தின் முதல் வடிவம் யானைக் கனம். சென்னீர்குப்பத்தில் லாரித் தார்ப்பாய் விற்கும் கடைக்குப் போய், இறுக்கிக் கட்டும் பட்டை கேட்டேன். கடைக்காரர், "எந்த வண்டிக்கும்மா?" என்றார்.

"வண்டி இல்லண்ணே. மனுசனுக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரக்கு லாரிக்கே போதுமான பட்டையைக் கொடுத்தார். அதைக் கட்டித் தொங்கவிட்டால் கூடாரம் அசையாமல் நின்றது. தூக்கிக்கொண்டு நடந்தால்தான் நான் நிற்க முடியவில்லை. முதுகில் சுமந்து மலை ஏறுகிறவனுக்கு ஒவ்வொரு பிடி எடையும் பகை. அதற்குப் பிறகு எடையைக் குறைப்பதே பிழைப்பாகிப் போனது. இரும்பு வளையத்தை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டேன். லாரிப் பட்டையைத் தூக்கிவிட்டு, கார் சீட் பெல்ட் நாடா. அது எனக்குப் பழக்கமான சரக்கு, எங்கே மூன்று வரி தைக்க வேண்டும் என்று கை தானே சொல்லும். மேலுக்குப் பாராசூட் துணி. தெருமுனைக் காய்கறிக் கடைத் தராசில் எடை போடப் போனபோது, "இத்த கிலோ இன்னா வெலைக்குத் தர?" என்று கடைக்காரம்மா கேட்டார். அந்த அளவுக்கு நான் அங்கேயே கிடந்தேன்.

எடை தாங்குகிறதா என்று பார்க்க முதலில் தண்ணீர் கேன்களை அடுக்கினோம். தாங்கியது. அடுத்து நைனாவை அடுக்கினோம்.

நைனா வேம்புலி, பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். தொப்பையும் தொழிலும் ஒன்றாக வளர்ந்தவர். தம்பி கிஷோர் கரையான்சாவடியில் டூவீலர் சர்வீஸ் கடையில் மெக்கானிக். அவன்தான் ஏணி பிடித்தான். நைனா ஏறிப் படுத்தார், ஒரு ஆட்டம் ஆடினார், குறட்டை விட்டார். சோதனை வெற்றி என்று நானும் கிஷோரும் கைகொடுத்துக்கொண்டோம். சற்று நேரத்தில் நைனா பனியன் நனைய எழுந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் சரி நைனா," என்றார் என்னைப் பார்த்து. எங்கள் வீட்டில் நான் அவரை நைனா என்பேன், அவரும் என்னை நைனா என்பார். "முதுவுதான் வேவுது."

மே மாதம். மொட்டைமாடி. அடியில் தண்ணீர் புகாத தடித்த துணி. வேகாமல் என்ன செய்யும்? எனக்குப் பளிச்சென்று யோசனை வந்தது. தரையில் கிடந்தால்தான் தண்ணீர் புகாத அடி வேண்டும். இதுதான் தொங்குகிறதே! அடித்துணியை உருவி எறிந்துவிட்டு, பையின் பக்கங்களில் வைத்துத் தைக்கிற கெட்டியான வலைத்துணியை அடியாக வைத்தேன். அதன் கீழே குறுக்கும் நெடுக்குமாக பெல்ட் நாடா. எடையும் பாதியாக இறங்கியது. மறுபடி நைனா படுத்தார். ஏரிப்பக்கத்துக் காற்று அடியிலிருந்து ஏறி அவர் முதுகைத் தடவியது. எழுப்பினாலும் எழவில்லை.

என்னை நானே மெச்சிக்கொண்டேன். உலகத்தில் ஒருவருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டது என்று நினைத்தேன். ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

அந்தக் கோடையில் எங்கள் மாடி பிரபலமாகிவிட்டது. கரண்டு போனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையணையோடு வந்து நின்றார்கள். ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் நைனா கூடாரப் புராணம் பாடினார். ஆவடி போய்ச் சேருவதற்குள் அடி வலையின் பெருமை வரைக்கும் பாடிவிடுவார். கூடாரத்துக்குள் ஏறாத ஒரே ஆள் அம்மா. "தூளில படுக்குற வயசா எனக்கு?" என்று கேட்டுவிட்டுத் துணி காயப்போட்டுக்கொண்டே போய்விடுவாள்.

நைனாவின் புராணத்தை முழுதாகக் கேட்ட பயணி ஒருவர் உண்டு. அவர்தான் ஹேமநாதன் சார். வங்கியில் வேலை. சனி ஞாயிறானால் முதுகில் மூட்டையோடு மலைமலையாகச் சுற்றும் கூட்டம் ஒன்றை நடத்துகிறவர். மார்கழியில் ஒருநாள் ஆட்டோவிலிருந்து இறங்காமல் நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கூடாரத்தை மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்தார், கையில் தூக்கிப் பார்த்தார், படுத்தார். அம்மா கொடுத்த டீயைப் படுத்தபடியே குடித்தார்.

"பிரமாதம்மா," என்றார். "மழைக்கால டிரிப்புக்கு இந்த மாதிரிதான் தேடிக்கிட்டு இருந்தேன். ஆனா மாடியில படுத்துப் பார்த்துட்டு வாங்க முடியாது. தை மாசம் ஜவ்வாது மலைக்குப் போறோம். அங்க ஒரு ராத்திரி நானே இதுல படுக்கிறேன். சரியா இருந்தா எங்க கிளப்புக்கு மொத்தக் கூடாரமும் நீதான் தைக்கணும்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் அம்மாவின் காதிலும் அது விழுந்துவிட்டது. அதே வாரம் கம்பெனியிலிருந்து ரேவதி மேடம் அம்மாவுக்குப் போன் செய்திருந்தார். பழைய மேனேஜர் போய்விட்டாராம், என் இடம் காலியாகத்தான் இருக்கிறதாம், தை பிறந்ததும் சேர்ந்துகொள்ளலாமாம். அம்மா என்னை உட்காரவைத்தாள்.

"இதப் பாரு. அந்த ஆளு மலையில படுத்துட்டு சரின்னு சொன்னா, நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னு சொன்னான்னா, திங்கக்கெயம கம்பெனி பஸ்ஸு ஏறணும். இன்னா சொல்ற?"

"சரி."

"சும்மா சரின்ற. என் தலை மேல அடி."

அடித்தேன். கொஞ்சம் பலமாகவே அடித்துவிட்டேன் என்று அப்புறமும் சொல்லிக்காட்டினாள்.

கிளம்புகிற அன்று அம்மா புளிசாதம், தண்ணீர், தைலம் எல்லாம் கட்டிக்கொடுத்தாள். கூடவே சுருட்டிய பழைய பிளக்ஸ் பேனர் ஒன்றை கிஷோரின் மூட்டையில் சொருகினாள். எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் பிளக்ஸ் பேனரைத் தூக்கி எறிவதில்லை. விசேஷம் முடிந்ததும் அது கூரைக்கு ஒட்டாகும், விறகுக்குப் போர்வையாகும், நெல்லிக்காய் காயவைக்கும் பாயாகும். "தரையெல்லாம் மாட்டுச்சாணி கெடக்கும். கீய விரிச்சு குந்துங்க," என்றாள். எடையைக் குறைக்க நான் பட்ட பாட்டுக்கு இந்தப் பேனரா என்று எனக்கு எரிச்சல் வந்தது. எந்தப் பேனர் என்றுகூடப் பார்க்கவில்லை.

பூந்தமல்லி பைபாஸில் பஸ் ஏறி, அடிவாரத்தில் இறங்கி, மதியத்துக்கு மேல் மலை ஏறினோம். கிளப்பைச் சேர்ந்த ஒருவரின் பலாத்தோப்பில்தான் தங்கல். மூன்று பலா மரங்களுக்கு நடுவே கூடாரத்தைக் கட்டினேன். மற்றவர்கள் தரையில் முளை அடிக்கக் கல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது என் கூடாரம் விறைப்பாக நின்றுவிட்டது. கை தட்டினார்கள். ஆளாளுக்கு வரிசையில் நின்று ஏறிப் பார்த்தார்கள். ஹேமநாதன் சார் கடுமையாகக் காவல் இருந்தார். "செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்கய்யா. அந்தப் பொண்ணு கையால தச்சது," என்று அதட்டியதை கிஷோர் போனில் வீடியோ எடுத்தான்.

ராத்திரி ஹேமநாதன் சாரும் கிஷோரும் என் கூடாரத்தில் படுத்தார்கள். நான் கிளப் பெண்களோடு தரைக் கூடாரத்தில். தரையைத் திட்டியே பிழைப்பு நடத்தியவள், அன்று அந்தத் தரையின்மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அருமையாகத் தூங்கினேன்.

விடிந்ததும் கையில் டீயோடு பலா மரத்தடிக்குப் போனேன். டீ கொட்டிவிட்டது.

என் கூடாரத்தின் அடியில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். பதின்மூன்று வயது நான். தலையில் கிரீடம், நெற்றிச்சுட்டி, கழுத்து தெரியாமல் கவரிங் நகை, இரண்டு பக்கமும் அன்னப்பறவை. கீழே கொட்டை எழுத்தில் என் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அனைவரையும் வருக வருக என்று வரவேற்கும் தாய்மாமன்கள். பேனரின் மூலை வளையங்களில் கயிறு கோத்து, கூடாரத்தின் பட்டைகளில் இழுத்துக் கட்டியிருந்தது. அந்த முகம் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. கிளப் ஆட்கள் குனிந்து குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கிஷோரு!" என்று நான் கத்தியதில் தோப்பே திரும்பியது.

"கத்தாதக்கா," என்று கிஷோர் கூடாரத்துக்குள்ளிருந்து தலையை நீட்டினான். காதைச் சுற்றித் துண்டு. "இது மட்டும் இல்லன்னா சார அப்டியே வெரச்சுப்போய்தான் எறக்கிகினு வந்துருப்போம். குளிரு கீயேந்து ஏறுதுக்கா! வலை வழியா சும்மா கத்தி மாறி ஏறுது. மேல எவ்ளோ போத்தினாலும் முதுவு நடுங்குது. பல்லு அடிச்சிகிச்சு ரெண்டு பேருக்கும். அப்பதான் பேனர் ஞாபகம் வந்துச்சு. கட்டுனேன். காத்து நின்னுச்சு. அப்புறம் தூங்கிட்டோம்."

எனக்கு உடனே புரிந்தது, புரிந்ததும் அவமானமாக இருந்தது. குளிர் கீழிருந்து வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாது. எங்கள் ஊரில் குளிர் என்றால் ஏசி. ஏசி சுவரின் உச்சியில் இருக்கும். குளிர் மேலேயிருந்துதான் இறங்கும். அதனால் மலைக் குளிருக்கு என்று கூரையை மட்டும் இரட்டை அடுக்காகத் தைத்து வைத்திருந்தேன். அடியில் காற்று வரவேண்டும் என்று வேண்டி வேண்டி வலை வைத்தவளும் நான்தான். மே மாத நூம்பலை அப்படியே மடித்து மலைமேல் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

ஹேமநாதன் சார் குரங்குக் குல்லாவோடு இறங்கினார். நல்ல மனிதர், கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கவி, படுத்த சுகமும் உண்மை, நடுங்கினதும் உண்மை. இப்போ நான் சரின்னு சொல்ல முடியாது. ஆனா அந்தப் பேனர் கட்டினதுக்கு அப்புறம் சொகமாத் தூங்கினேன். வெயில் காலத்துல கழட்டி வெக்கிற மாதிரி, குளிர்ல மாட்டுற மாதிரி, கனமில்லாம ஒரு அடித்துணி பண்ணு. அப்புறம் பார்க்கலாம்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டு, அடித்துணியை எங்கே கொக்கி வைத்து மாட்டுவது என்று யோசித்தேன். யோசிக்காமல் இருக்க முடியவில்லை. உடனே திங்கட்கிழமை ஞாபகம் வரும். இனி யோசித்து என்ன? பொய் சொல்லிவிடலாமா என்றும் தோன்றியது. தலையில் அடித்துச் சத்தியம் செய்தது நினைவுக்கு வந்தது. அதுவும் பலமாக.

ஞாயிறு சாயங்காலம் வீட்டு வாசலிலேயே அம்மா நின்றிருந்தாள்.

"சரின்னாரா?"

"இல்ல."

"இல்லன்னு சொல்லலம்மா," என்று கிஷோர் குறுக்கே விழுந்தான். "அப்புறம் பாக்கலாம்னாரு."

"பொண்ணு பாக்க வந்தவன், அப்புறம் சொல்லி அனுப்புறோம்னு சொல்லிட்டுப் போனா இன்னாடா அர்த்தம்? அதே அர்த்தந்தான் இதுக்கும்," என்றாள் அம்மா.

நைனா வாயைத் திறந்தார், அம்மா அவரைப் பார்த்தாள், மூடிக்கொண்டார். நான் பேச்சுக்கு இடம் வைக்காமல் உள்ளே போய், திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த ஐடி கார்டைத் தேடி எடுத்து ஆணியில் மாட்டினேன். கண் எரிந்தது. அழுதால் அம்மா இளகுவாள் என்று தெரியும். அப்படி இளகவைத்து ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை.

அடுப்படியில் கிஷோர் பேனர் கதையை அம்மாவிடம் சொல்வது கேட்டது. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "அன்னிக்கே உங்க மாமங்கிட்ட சொன்னேன், பேனரப் பெருசா போடுன்னு," என்று பெருமை வேறு. அப்புறம் போனில் படங்களைக் காட்டச் சொன்னாள். செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்கய்யா என்று ஹேமநாதன் சாரின் குரல் கேட்டது. சற்றுப் பொறுத்து மறுபடியும் அதே குரல். மறுபடியும். அம்மாவின் சிரிப்புச் சத்தம் நின்றிருந்தது.

"படிச்ச ஆளுங்களாடா அவங்கெல்லாம்?" என்று கேட்டாள்.

"ஒருத்தரு டாக்டரும்மா."

"இவ தச்சதுக்கா செருப்பக் கழட்டுறாரு?"

கிஷோர் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை குளித்து, தலை பின்னி, கார்டை மாட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. டிபன் பாக்ஸ் கழுவிக் கவிழ்த்தபடி கிடந்தது. நான் கம்பெனிக்குப் போன காலத்தில் ஒருநாள்கூட இப்படி நடந்ததில்லை. நைனா ஆட்டோவோடு கிளம்பியிருந்தார். கிஷோர் தூங்கிக்கொண்டிருந்தான். தெருமுனையில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன்.

"எம்மா!"

"மேல கீறேன்டி!"

படியேறிப் போனேன். மூன்று தூண்களுக்கு நடுவே என் கூடாரம் தொங்கியது. கொஞ்சம் கோணலாகத் தொங்கியது, நைனா கட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும். நடுவில் ஒரு பெரிய வீக்கம். வீக்கம் அசைந்தது.

"கவீ, எப்டிடி எறங்குறது இதுலேந்து? ஜிப்பு கைக்கே சிக்கல."

உள்பக்கத்தில் ஜிப்பைப் பிடித்து இழுக்கும் நுனி மலையில் பிய்ந்துபோயிருந்தது. வெளியிலிருந்துதான் திறக்க முடியும். நைனா மூடிவிட்டு ஏணியையும் எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"எம்மா, பஸ்ஸு வந்துச்சும்மா."

"பஸ்ஸு கெடக்குது. நான் இங்க தொங்கிகினு கீறேன், இவ பஸ்ஸப் பத்திப் பேசுறா. இன்னாடி டெண்ட்டு இது? ஏற வயி வெச்ச, எறங்க வயி வெச்சியா? போன் வெக்க ஒரு பாக்கெட்டு இல்ல. பொம்பள புடவையோட ஏறுனா எங்க கால வெப்பா? ஒண்ணும் யோசிக்கல. டாக்டருங்க படுக்குற எடம், ஒயுங்கா பண்ண வேணாமா?"

ஹாரன் மறுபடியும் அடித்தது. அப்புறம் வீக்கத்துக்குள்ளிருந்து போன் மணி. பஸ் டிரைவர் நாகப்பன் அண்ணனிடம் அம்மாவின் நம்பர்தான் இருந்தது. நேற்று ராத்திரி நான் வருவதாக அம்மா சொல்லியிருப்பாள், ரேவதி மேடம் நம்பரைக் கொடுத்திருப்பார். வலைத்துணி வழியாக அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"நாகப்பண்ணே, வண்டிய எடுத்துகினு போங்க. அவ வரல... இல்லண்ணே, ஒடம்பெல்லாம் நல்லாத்தான் கீது." வீக்கம் ஒருபக்கமாகப் புரண்டது. "அவ வேலையில கீறாண்ணே."

பஸ் உறுமிக்கொண்டு வேலப்பன்சாவடிப் பக்கம் திரும்பிப் போவது மாடியிலிருந்து தெரிந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எத்தனையோ நாளாக அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் நான் இத்தனை கத்தியிருக்கிறேன்.

"அய்ய, அப்புறம் அழு. மொதல்ல இத்தத் தொற," என்றது கூடாரம்.

ஏணியைச் சாத்தி ஏறி ஜிப்பைத் திறந்தேன். உள்ளே அம்மா புடவையெல்லாம் சுருட்டிக்கொண்டு, தலைமுடி கலைந்து, வலைமேல் மல்லாந்து கிடந்தாள். இறங்குவாள் என்று கை நீட்டினேன். இறங்கவில்லை. கழுத்திலிருந்த ஐடி கார்டைக் கழற்றி, அதன் நாடாவை மட்டும் உருவி, உள்பக்கத்து ஜிப்பில் முடிச்சுப் போட்டேன். அம்மா அதைப் பார்த்தாள். ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். ஜிப் ஓடியது.

"எறங்கலியா?" என்றேன்.

"இருடி. கீயேந்து காத்து ஜிலுஜிலுன்னு வருது." கண்ணை மூடிக்கொண்டாள். "இத்தப் போயி எதுக்குடி துணி போட்டு மூடணும்ன்றான் அந்த ஆளு?"